சயனைடு மேட்டில் ஒரு புங்க மரம்

ஊரிகம்
6 மார்ச் 2025

அன்புத் தம்பி தேவாவுக்கு,

அக்கா யசோதரா எழுதறது. நான் நல்லா இருக்கேன், சர்க்கரைதான் நல்லா இல்ல. நீயும் அமலாவும் சௌக்கியமா?

இன்னாடா இது, போன் இருக்கும்போது கடுதாசின்னு நெனைப்பே. போன்ல நீ பேசினா எனக்கு 'ம்ம்ம்'னு மட்டும்தான் கேக்குது. இருபத்திரெண்டு வருஷம் தினம் ரயில் ஏறிப் போய் பெங்களூர்ல தையல் மெஷின் சத்தத்துல உக்காந்தவளுக்குக் காது எங்க மிச்சம் இருக்கும்? வாட்ஸ்அப்ல தட்டுன்னு சொல்லுவே. ஒரு வரி தட்டி முடிக்கறதுக்குள்ள சொல்ல வந்தது போயிடுது. அதனால இனிமே தபால்தான். நீயும் தாள்லயே பதில் எழுது.

டாக்டர் தினம் முக்கால் மணி நேரம் நடன்னு சொல்லிட்டாரு. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாவும் நானும் விடிகாலையில கிளம்பி, தங்கம் பிரிச்ச சுரங்க மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையா நிக்குதே, அந்தச் சயனைடு மேடு வரைக்கும் போறோம். நடுவுல உக்காரணும், முட்டி கெஞ்சும். உக்காந்து இன்னா பண்றது? கிருஷ்ணம்மா மருமகளைப் பத்திப் பேசுவா, அது எனக்கு முழுசா கேக்காது. அதனால நீ டிரங்குப் பெட்டியில விட்டுட்டுப் போனியே, பழைய சங்கப் பாட்டுப் புத்தகம், அதை எடுத்துகினு போறேன். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. உரை இருக்கறதால பொழைச்சேன்.

யப்பா, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இன்னா கண்ணுடா! காதலன் வரலன்னு அழற பாட்டுல கூட எந்த மரம் எப்போ தளிர் விடும், எந்தப் பூ காம்போட விழும்னு பாத்து வெச்சிருக்காங்க. வெறும் பாலை நிலத்தைப் பாடினாலும் அதுல ஏதோ ஒண்ணு பூக்குது. வசந்தம்னா எனக்கு ராபர்ட்சன்பேட்டையில டிபன் சாப்பிட்ட ஓட்டல் பேருதான் ஞாபகம் வரும். இவங்களைப் படிச்ச பிறகுதான் நிமிர்ந்து பாக்கத் தோணுச்சு.

பாத்தேன். முந்தாநாள், புத்தகத்தை மூடிட்டு மேட்டைப் பாத்தேன். பாதி உயரத்துல மழைத் தண்ணி அறுத்த பள்ளம் ஒண்ணு இருக்கு இல்ல, அதுல பச்சையா ஏதோ தெரிஞ்சுது. யாரோ பாவாடையைக் காயப் போட்டிருக்காங்கன்னு நெனைச்சேன். கிருஷ்ணம்மா கண்ணு நல்ல கண்ணு. அவ பாத்துட்டு "ஹொங்கே"ன்னா. கன்னடத்துல நம்ம புங்க மரம். தேவா, சயனைடு மேட்டு மேல புங்க மரம்! நம்ம வீட்டுக் கூரை உயரம் இருக்கும். தளதளன்னு தளிர் விட்டுகினு நிக்குது. ரெண்டு பேரும் அங்கேயே நின்னுட்டோம்.

உன் கவிதையில நீ எழுதினது பொய்யாயிடுச்சுடா. உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு எழுதறேன். அஞ்சு வருஷமா நீ இந்தப் பக்கம் வரல. வந்து பாரு.

மேட்டைப் பாத்த கண்ணோட,
யசோதரா அக்கா

---

பெரம்பூர், சென்னை
15 மார்ச் 2025

அக்கா,

உன் கடுதாசியைக் கொடுத்துட்டுத் தபால்காரர் என்னை ஒரு மாதிரி பாத்தாரு. கையெழுத்துல கடிதம் வந்து எத்தனை நாள் ஆச்சோ அவருக்கும். நாங்க நல்லா இருக்கோம். அமலா உன் முட்டிக்குத் தைலம் அனுப்பச் சொன்னா.

மரம் விஷயம். கோவிச்சுக்காதே, அது வேலிக்கருவையா இருக்கும். அது எங்கே போட்டாலும் வரும். கிருஷ்ணம்மா கண்ணு நல்ல கண்ணுதான், ஆனா கீழே இருந்து பாத்தா எல்லாம் பச்சைதான். முடிஞ்சா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

நீ இதை இப்போ எழுதியிருக்கறதுதான் எனக்குச் சங்கடமா இருக்கு. என் புத்தகம் வந்து இருபது வருஷம் ஆகுது இல்லையா, பதிப்பாளர் புதுசா அச்சுப் போடறாரு. முதல் கவிதை அதேதான். உனக்கு மனப்பாடம், இருந்தாலும் எழுதறேன்:

எங்கள் ஊரில் ஒரு மலை உண்டு.
அதில் புல்லும் முளைக்காது.
எங்கள் அப்பாவின் நெஞ்சில்
அந்த மலை இருந்தது.

நைனா போன மூணாம் நாள் எழுதினது. சுரங்கத்துக்குள்ள மரம் முட்டுக் கொடுத்து முட்டுக் கொடுத்து, கல்தூசியெல்லாம் நெஞ்சுல இறங்கி, கடைசியில கட்டில்ல உக்காந்தபடியே மூச்சுக்கு அலைஞ்சாரே, அந்த ஒரு மாசம் முழுக்க ஜன்னல் வழியா அந்த மேடுதான் தெரிஞ்சுது. நாம கோணியை நனைச்சு ஜன்னல்ல தொங்க விட்டோம். அப்பவும் தூசி வந்து அவர் போர்வையில படிஞ்சுது. அந்த மேட்டுல ஒரு இலை இருக்குன்னு நான் எப்படி ஒத்துக்கறது? நைனா பட்டதெல்லாம் ஒண்ணுமில்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.

பதிப்பாளர் புதுக் கவிதை ஒண்ணு கேக்கறாரு. ஏப்ரல் பதினஞ்சு கெடு. ஏழு வருஷமா ஒரு வரி வரலன்னு அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்னு நினைக்கிறேன், நீ கேட்டதே இல்ல.

வர்றதுக்கு இப்போ தோதுப்படாது. பரீட்சைத் தாள் திருத்தணும்.

அன்புள்ள
தேவா

---

ஊரிகம்
21 மார்ச் 2025

டேய் தேவா,

வேலிக்கருவையா? வேலிக்கருவைக்கும் புங்கைக்கும் வித்தியாசம் தெரியாமலா நான் அம்பத்தெட்டு வயசு வரைக்கும் வளந்தேன்? போட்டோ அனுப்ப மாட்டேன் போ. கிருஷ்ணம்மா போன்ல நல்லாத்தான் விழுது. ஆனா நீ அதைக் கட்டை விரலால தள்ளிட்டு அடுத்ததுக்குப் போயிடுவே. ஒரு இலையை மடிச்சு இதுல வெச்சிருக்கேன், தொட்டுப் பாரு.

உனக்கு இலையைப் பத்தி இன்னா தெரியும்? ஊருக்குப் புதுசா வந்த டீச்சர் "தளிர் என்ன நிறம்"னு கேட்டதுக்கு "வெள்ளை"ன்னு சொல்லி வெளியே நின்னவன் நீ. உன் மேலயும் தப்பில்ல. மார்ச் மாசக் காத்துல மேட்டுத் தூசி எல்லா மரத்து மேலயும் படியும், நம்ம சுரங்க லைன் வீட்டுப் பசங்க யாரைக் கேட்டாலும் வெள்ளைன்னுதான் சொல்லியிருப்போம். பெரியவளாகி பெங்களூர் போற ரயில்லதான் கழுவின மாதிரி ஒரு தளிரை முதமுதலா பாத்தேன்.

சரி, நடந்ததைச் சொல்றேன். ஞாயித்துக்கிழமை மேலே ஏறினோம். ஏறக் கூடாதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க, மண்ணு சரியும். கிருஷ்ணம்மா புடவையைத் தூக்கிச் செருகிகினு முன்னால போனா, நான் அவ முந்தானையைப் பிடிச்சுகினு பின்னால. பத்து அடிக்கு ஒரு தரம் நின்னோம். கிட்டப் போனா, அடடா! தளிரெல்லாம் முதல்ல செம்பு நிறம். கீழே வர வர கிளிப்பச்சை. தூசியே இல்ல. தூசி கீழேதான் பறக்குது, மரம் அதுக்கு மேல நிக்குது. பூ வந்திடுச்சு. வெள்ளையும் இல்லாம ஊதாவும் இல்லாம கொத்துக் கொத்தா.

தேனீ மொய்க்குது தேவா. எனக்குச் சத்தம் கேக்கல, வாயசைக்கற மாதிரி பறக்குதுங்க. "இன்னா சத்தம் தெரியுமா"ன்னு கிருஷ்ணம்மா கையை ஆட்டி ஆட்டிச் சொல்றா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. இந்தக் காதை வெச்சுகினு இன்னா பண்றது? பூ நிறைய இருந்த ஒரு கிளையை மெதுவா பிடிச்சேன். உள்ளங்கையில குறுகுறுன்னுச்சு. அத்தனை தேனீயும் என் கைக்குள்ள கத்துது! நான் ஓன்னு அழுதுட்டேன். வருத்தமே இல்ல, சத்தியமா, சந்தோஷம்னு கூடச் சொல்ல வராது. அவ்ளோ பெருசா ஏதோ ஒண்ணுக்கு முன்னால என்னைக் கொண்டு போய் நிறுத்தின மாதிரி இருந்துச்சு. நம்ம புத்த விகாரையில கண்ணை மூடிக்கினு உக்காந்தப்ப கூட எனக்கு அப்படி ஆனதில்ல.

வீட்டுக்கு வந்து காலண்டர் தாள் பின்னால எழுதினேன். சிரிக்காதே. இது கவிதையா இல்லையான்னு வாத்தியார் நீதான் சொல்லணும்.

யாரும் வெதைக்கல
யாரும் தண்ணி ஊத்தல
சயனைடு மேட்டு மேல
இன்னா தைரியம் உனக்கு
பூக்கறியே

நைனாவைப் பத்தி எழுதியிருந்தே. அவரை நீ மட்டும்தான் பாத்துகினியா? கோணியை நனைச்சது யாரு? இதுக்கு மேல எழுதினா கோவத்துல ஏதாவது சொல்லிடுவேன்.

யசோதரா

---

பெரம்பூர்
30 மார்ச் 2025

அக்கா,

உகாதி வாழ்த்துகள். கீழ் வீட்டுல ஒப்பட்டு, அதான் போளி, கொடுத்தாங்க. கிருஷ்ணம்மா உனக்கும் கொடுத்திருப்பாங்க, சர்க்கரையை மறந்துட்டு நீயும் சாப்பிட்டிருப்பே.

இலை வந்து சேர்ந்தது. புங்கைதான். வேலிக்கருவைன்னு சொன்னதுக்கு மன்னிச்சுடு. கோணியை நனைச்சது நீதான். நான் நைனா பக்கத்துல உக்காந்து அழுதுகினு இருந்தேன், நீ வாளி வாளியா தண்ணி தூக்கினே. கவிதையில அது வரல. இருபது வருஷத்துல ஒரு நாள் கூட நீ அதைச் சொல்லிக் காட்டினதில்ல.

உன் அஞ்சு வரியை நாலஞ்சு நாளா சட்டைப் பையில வெச்சுகினு திரியறேன். 'இன்னா தைரியம் உனக்கு'. எனக்கு அந்த மாதிரி ஒரு வரி எப்பவும் வந்ததில்ல அக்கா. புகழ்ச்சிக்குச் சொல்லல. நான் மேட்டைப் பாத்து அழுதேன், நீ அதுகிட்ட பேசியிருக்கே. பழைய பாட்டுப் புத்தகத்தை நான் பரீட்சைக்குப் படிச்சேன், வகுப்புல நடத்தினேன். அதைப் படிச்சுட்டு ஒரு நாளாவது மரத்தை நிமிர்ந்து பாத்தேனான்னு யோசிச்சேன். இல்ல.

ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த மேட்டுக் கவிதையை எத்தனை மேடையில வாசிச்சிருப்பேன்! வாசிக்கும்போது ஜனங்க அழுவாங்க. முதல் சில வருஷம் நானும் கூட அழுதேன். அப்புறம் எந்த இடத்துல நிறுத்தினா அழுவாங்கன்னு தெரிஞ்சுபோச்சு, அங்கே நிறுத்த ஆரம்பிச்சேன். நைனாவோட மூச்சை வெச்சுப் பேர் வாங்கினவன் நான். பேனாவை எடுத்தா திரும்பத் திரும்ப அதே மேடுதான் வருது. அதுவும் பச்சையாயிட்டா நான் எழுத ஒண்ணுமே இல்ல. பயமா இருக்கு அக்கா. அதான் வரல. பரீட்சைத் தாளெல்லாம் சாக்கு.

நேத்து பதிப்பாளருக்குப் போன் பண்ணி அந்தக் கவிதையை எடுத்துடுங்கன்னு சொல்லலாம்னு இருந்தேன். பொய்யாப் போனதை எதுக்கு மறுபடி அச்சுப் போடணும்? நீ இன்னா சொல்றே?

தேவா

---

ஊரிகம்
5 ஏப்ரல் 2025

தம்பி,

எடுக்காதே. எடுத்தியோ, சென்னைக்கு வந்து உதைப்பேன்.

நான் பொய்யாயிடுச்சுன்னு எழுதினது வாய்த் துடுக்கு. அது அன்னிக்கு நெசம். நைனா போன அன்னிக்கு அந்த மேட்டுல ஒரு புல்லு கிடையாது, நானும் பாத்தேன். அவர் மூச்சுக்கு அலைஞ்சதும் நெசம், இந்த மரம் பூத்து நிக்கறதும் நெசம். ஒண்ணுக்காக இன்னொண்ணை எதுக்குடா அடிச்சுத் துரத்தறே? நீ இந்த மரத்தைப் பாத்தா நைனாவுக்கு ஒரு குறையும் வராது. நான் பாத்தேனே, அவருக்கு ஏதாவது வந்துச்சா? மரத்தடியில நின்னப்போ அவர் ஞாபகம்தான் முதல்ல வந்துச்சு. முதல் ஷிப்டுக்கு இருட்டோட உள்ளே இறங்கி, வேலை முடிஞ்சு வந்து குப்புற விழுந்து தூங்கின மனுஷன். ஒரு மரம் பூத்ததை அவர் எப்போ நின்னு பாத்திருப்பாரு? எனக்குத் தெரிஞ்சு இல்ல. நாம பாக்கலாம் இல்ல?

பூ கொட்ட ஆரம்பிச்சிடுச்சு. காத்து அடிக்கற அடியில இன்னும் ஒரு வாரம் தாங்கினா பெருசு. உனக்காக மரம் காத்துகினு நிக்காது. நானும் இதுக்கு மேல கூப்பிட மாட்டேன்.

யசோதரா

---

ஊரிகம், உன் வீட்டு வாசல்
12 ஏப்ரல் 2025, காலை ஏழேகால்

அக்கா,

இதைப் படிக்கறப்போ பதறாதே. ராத்திரி வண்டியில கிளம்பி பங்காரப்பேட்டையில மாறி வந்தேன். யார்கிட்டயும் சொல்லல. உன்னைப் பாத்தா நீ என் முகத்தையே பாத்துகினு இருப்பே, நான் மரத்தைப் பாக்க முடியாது. அதனால ஸ்டேஷன்ல இருந்து நேரா மேட்டுக்குத்தான் போனேன்.

தனியாத்தான் ஏறினேன். ரெண்டு தரம் சறுக்கினேன், பேண்ட் கிழிஞ்சுது, நீதான் தைச்சுத் தரணும். சின்ன வயசுல நைனாவுக்குத் தெரியாம இதே பள்ளத்துல ஏறி அவர்கிட்ட வாங்கின அடி ஞாபகம் வந்துச்சு. அன்னிக்கு இங்கே வெறும் மண்ணு.

மரத்துல பூ பாதிக்கு மேல போயிடுச்சு அக்கா. எல்லாம் கீழே கிடக்கு. அந்தச் செத்த மண்ணு தெரியவே இல்ல. நான் காலை எங்கே வைக்கறதுன்னு தெரியாம அப்படியே நின்னேன். செருப்பைக் கழட்டினேன். பூ ஈரமா இருந்துச்சு. சூரியன் ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் எழும்பி வந்தது. மேல இருந்த பூவெல்லாம் வெளிச்சமாகி, ஒவ்வொண்ணா விழுந்துகினே இருக்கு. என் தலையில, தோள்ல, கையில. நான் யாருன்னு அதுக்குத் தெரியுமா? மேட்டைப் பாடிப் பேர் வாங்கினவன்னு தெரியுமா? எம்மேலயும் கொட்டுது. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல. நைனான்னு கத்தினேன். அவர் போனப்ப கூட நான் அப்படிக் கத்தினதில்ல.

அப்புறம் மூச்சு தானா பெருசா வந்துச்சு. அங்கேயே டிக்கெட் பின்னால எழுதினேன்:

மேட்டின் மேல் நின்று
மூச்சை இழுத்தேன்.
தேன் வாசனை.
நைனா,
இதை உன் நெஞ்சுக்கு
எப்படிக் கொண்டு சேர்ப்பேன்?

ஏழு வருஷத்துக்கு அப்புறம் வந்தது. நல்லா இருக்கா இல்லையா, எனக்குக் கவலை இல்ல. கீழே இறங்கறதுக்கு முன்னாலயே பதிப்பாளருக்குச் சொல்லிட்டேன். பழைய கவிதை இருக்கும், அடியில வருஷம் போடச் சொன்னேன். எதிர்ப்பக்கத்துல உன் அஞ்சு வரி, உன் பேரோட. உன்னைக் கேக்காம செஞ்சதுக்கு உதைக்கணும்னா உதை. என்னுது கடைசிப் பக்கம். அதுக்கப்புறம் இன்னொண்ணு எழுதுவேன்னு தோணுது அக்கா, அதுக்கப்புறம் இன்னொண்ணும்.

உன் கதவு சும்மாதான் சாத்தியிருக்கு. தள்ளிப் பாத்தேன், திறந்துச்சு. நீ அடுப்பங்கரையில முதுகைக் காட்டி நின்னு தோசை ஊத்திகினு இருக்கே. தலை இவ்ளோ நரைச்சுப் போச்சா? யாரும் எனக்குச் சொல்லவே இல்ல. ரெண்டு தரம் அக்கான்னு கூப்பிட்டேன், கேக்கல. மூணாவது தரம் கூப்பிட வாய் வரல. இந்த அஞ்சு வருஷத்துக்கு நேருக்கு நேர் இன்னா சொல்லுவேன்? அதான் வாசல்படியில உக்காந்து இதை எழுதறேன். இதை உன் கையில கொடுத்துட்டு நிப்பேன். முழுசா படி. படிச்சு முடிக்கற வரைக்கும் என்னைத் திட்டாதே.

உன் பின்னால நிக்கற
தேவா